மார்ஜினைத் திறந்து காட்டும் டிஜிட்டல் மாடல்: ஒரு வடிவமைப்புக் கருவியின் மதிப்பீடு

பல் லேபில் வேலை செய்பவருக்கு மார்ஜின் என்பது ஒரு கோடு. மருத்துவர் பல்லைச் சீவிய பகுதி முடிந்து, சீவாத பகுதி தொடங்கும் இடம் அது. பல்லின் மேல் உறைபோல் மாட்டும் கிரவுனின் ஓரமும், பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய ஓடான வெனியரின் ஓரமும் அந்தக் கோட்டில்தான் வந்து உட்கார வேண்டும். ஆனால் அந்தக் கோடு பெரும்பாலும் ஈறின் விளிம்பை ஒட்டியோ அதற்குச் சற்று உள்ளேயோ இருக்கும் என்பதால், வாயின் வடிவத்தை அப்படியே மாடலாக எடுத்து வைத்தால் கண்ணுக்கு எட்டாமல் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் ஜிப்சத்தில் வார்த்த ஸ்டோன் மாடல் காலத்தில் ஒவ்வொரு பல்லையும் டை எனப்படும் தனித் துண்டாக அறுத்தெடுத்து, கோட்டுக்கு அப்பால் உள்ள ஈறுப் பகுதியைப் பர் என்ற சிறிய சுழல் முனை கொண்டு சுரண்டி, கோட்டைத் தனித்து நிற்கச் செய்து, சிவப்புப் பென்சிலால் அடையாளமிடுவோம். டிச்சிங் என்று நாங்கள் சொல்லும் அந்த வேலையை மைக்ராஸ்கோப்பின் கீழ் மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்ய வேண்டியிருந்தது. பர் கால் மில்லிமீட்டர் தவறி ஏறினாலும் மார்ஜின் உடைந்துவிடும். உடைந்ததை எந்தப் பசை கொண்டும் மீட்க முடியாது.

இப்போது அதே வேலையைத் திரையில் செய்கிறோம். கணினியில் வடிவமைக்க உதவும் கேட் (CAD) மென்பொருளுடன் தனிப் பகுதியாகச் சேர்த்துக்கொள்ளும் மாடல் வடிவமைப்புக் கருவி ஒன்றை இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். அதைப் பற்றியதே இந்த மதிப்பீடு. குறைகளையும் சொல்லப் போவதால் மென்பொருளின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதுபோன்ற பகுதி இத்துறையின் பெரிய மென்பொருள்கள் பலவற்றிலும் இருக்கிறது; நான் இங்கே சொல்பவற்றை உங்களிடம் உள்ள கருவியிலேயே ஒரு மாலைப் பொழுதில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

கருவி செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாய்க்குள் எடுத்த ஸ்கேனை உள்ளே ஏற்றியதும், சீவிய பல்லைச் சுற்றி மார்ஜின் கோட்டை அது தானே வரைந்து தருகிறது. நாம் புள்ளிகளை இழுத்துத் திருத்தலாம். பிறகு அந்தப் பல்லை மாடலிலிருந்து பிரித்து, அடியில் ஒரு தண்டு சேர்த்து, அடித்தட்டில் அதற்கேற்ற குழியை உண்டாக்குகிறது. கடைசியில் கோட்டுக்கு அப்பால் பள்ளம் பறித்து மார்ஜினைத் திறக்கிறது. அந்தப் பள்ளத்துக்கு மூன்று அளவுகளை நாம் கொடுக்க வேண்டும்: கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளித் தொடங்க வேண்டும், எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும், வேரை நோக்கி எவ்வளவு உயரம் நீள வேண்டும். கடைவாய்ப் பல்லின் கிரவுனுக்கு நான் கோட்டிலிருந்து 0.2 மில்லிமீட்டர் தள்ளித் தொடங்குகிறேன். பள்ளத்தைக் கோட்டை ஒட்டியே தொடங்கினால் மார்ஜினின் முனை அந்தரத்தில் நிற்கும் மெல்லிய உதடாகிவிடுகிறது. பிரிண்ட் செய்த பின் துடைக்கும்போதே அது மழுங்கிப்போகும். இந்த 0.2 மில்லிமீட்டர் மேடு முனையைத் தாங்கிக்கொள்கிறது. அதைவிட முக்கியமாக, மார்ஜினைத் தாண்டிப் பல் எந்தத் திசையில் இறங்குகிறது என்பதற்கு அந்தச் சிறு மேடுதான் மாடலில் எஞ்சியிருக்கும் ஒரே சான்று. கிரவுனின் ஓரம் ஈறுக்குள்ளிருந்து வெளிவரும் சரிவை அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறோம்.

கையால் செய்த டிச்சிங்குடன் ஒப்பிட்டால் இதன் சிறப்புகள் வெளிப்படையானவை. பர் நழுவுவதில்லை. டை கீழே விழுந்து மார்ஜின் உடைந்தால் அதே டையை மறுநாள் மீண்டும் பிரிண்ட் செய்யலாம். பல்லின் எண்ணைத் தண்டிலும் குழியின் ஓரத்திலும் பொறித்துவிடுவதால், பத்து டைகள் ஒரே தட்டில் கிடந்தாலும் மாறிப்போவதில்லை. ரம்பம் தின்னும் தடிமன் இல்லை என்பதை நான் தனியாகவே பாராட்டுவேன். ஸ்டோனில் இரண்டு டைகளுக்கு இடையே ரம்பம் ஓடும் வழியில் ஒரு மார்ஜின் போய்விடுமோ என்ற அச்சம் எப்போதும் இருந்தது. திரையில் அறுக்கும்போது நாம் விடும் இடைவெளி மட்டுமே இழப்பு.

இவ்வளவு நன்மைகளையும் ஏற்றுக்கொண்டபடியே, இந்தக் கருவியின் அடிப்படைச் சிக்கல் எது என்று நான் கருதுகிறேனோ அதைச் சொல்ல வேண்டும். அது எங்களுக்கு ஒரு கிரவுன் திரும்பி வந்தபோதுதான் புரிந்தது. மேல் தாடையின் முதல் முன்கடைவாய்ப் பல்லுக்கு ஜிர்கோனியா கிரவுன் செய்திருந்தோம். மாடலில் அது ஒளி புகாத அளவுக்குப் பொருந்தியிருந்தது. நானே பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். வாயில் பொருத்திப் பார்த்த மருத்துவர், மீசியல் பக்கத்தில், அதாவது பல்வரிசையின் நடுவை நோக்கிய பக்கத்தில், ப்ரோப் என்ற கூர்முனைக் கருவியின் நுனி பிடித்து நிற்கிறது என்று திருப்பி அனுப்பினார். கிரவுனை மறுபடி டையில் வைத்துப் பார்த்தேன். நூல் பிடித்தாற்போல் உட்கார்ந்திருந்தது. மருத்துவரின் ஸ்கேனில்தான் பிழை என்று முடிவுகட்டிவிடும் அவசரம் எனக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பழைய ஸ்கேன் கோப்பை நிறத்துடன் திறந்து பார்த்தபோது உண்மை தெரிந்தது. மீசியல் பக்கத்தில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஈறு மார்ஜினின் மேல் சாய்ந்திருந்தது. மென்பொருள் தானாகக் கோடு வரையும்போது பரப்பு சட்டென்று வளையும் இடத்தைத் தேடுகிறது; அந்த இரண்டு மில்லிமீட்டரில் கூர்மையாக வளைந்திருந்தது ஈறின் விளிம்பு, பல்லின் விளிம்பு அல்ல. கோடு அந்த இடத்தில் ஈறின் மேல் ஏறி, மறுபக்கம் பல்லில் இறங்கிவிட்டது. நிறமில்லாத சாம்பல் வண்ணப் பரப்பில் நான் பார்த்தபோது அது ஒழுங்கான, வழுவழுப்பான ஒரே வளைவாகத் தெரிந்தது. நிறத்துடன் பார்த்தால், பல்லின் வெளிர்மஞ்சள் முடிந்து ஈறின் இளஞ்சிவப்பு தொடங்கிய பிறகும் என் கோடு மேலே போய்க்கொண்டிருந்தது.

கிரவுன் அந்தக் கோட்டிலிருந்து பிறந்தது. டையின் டிச்சிங்கும் அதே கோட்டிலிருந்துதான் பிறந்தது. ஆகவே இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியதில் வியப்பில்லை. கோடு எங்கே இருந்திருந்தாலும் பொருந்தியே இருக்கும். அதுமட்டுமல்ல, கோட்டுக்கு அப்பால் உள்ளதையெல்லாம் ஈறு என்று எடுத்துக்கொண்டு பள்ளம் பறித்தபோது, தவறு நடந்ததைக் காட்டக்கூடிய அந்த ஈறு மடிப்பையும் கருவி சேர்த்தே சுரண்டி எடுத்துவிட்டது. மாடலில் நான் கண்டது அந்த நோயாளியின் பல்லை அல்ல, அவருடைய பல் இப்படி இருக்கும் என்று திரையில் நான் போட்ட முடிவை.

ஸ்டோன் மாடலில் இந்த ஆபத்து இருந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் தவறான இடத்தில் டிச்சிங் செய்தால் சான்று அழிந்துதான் போகும். ஆனால் வாயில் எடுத்த அச்சான இம்ப்ரெஷன் கையில் இருக்கும். அதிலிருந்து அறுக்காத இரண்டாவது மாடல் ஒன்றையும் ஊற்றி வைத்திருப்போம். சந்தேகம் வந்தால் அவற்றைப் பார்ப்பது பழக்கமாகவே இருந்தது. டிஜிட்டல் வேலையில் மூலச் சான்று கோப்பாக எங்கோ இருக்கிறது. மேசையில் கிடப்பது முடிவு மட்டுமே. கிரவுன் ஓர இடைவெளியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 1971இல் மெக்லீனும் வான் ஃபிரான்ஹோஃபரும் வெளியிட்ட ஆய்வின் 120 மைக்ரான் என்ற வரம்பு மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாத அந்த அளவை மனத்தில் வைத்துப் பார்த்தால், ஈறின் மேல் ஏறிய ஒரு கோடு அதைப் போல் பல மடங்கு பிழையைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவந்துவிடும் என்பது விளங்கும்.

இந்த ஆபத்தைத் தவிர்க்கக் கருவி தரும் உதவி பாதிக்கிணறுதான் தாண்டுகிறது. கோடு வரையும் கட்டத்தில் நிறத்தைக் காட்டுகிறது. கோட்டில் எந்தப் புள்ளியிலும் குறுக்குவெட்டு எடுத்துப் பார்க்க விடுகிறது. குறுக்குவெட்டு மிக நல்ல வசதி. சாம்பர் வகை மார்ஜினில் அந்த வெட்டுமுகம் ஒரு சிறு கரண்டியின் ஓரம்போல் வளைந்து, முனையில் திரும்பி, வேரை நோக்கி இறங்க வேண்டும். முனைக்கு அப்பால் இறங்காமல் மேலே எழும்பினால் அங்கே ஈறோ இரத்தமோ எச்சிலோ இருக்கிறது என்று பொருள். ஆனால் எஸ்டிஎல் கோப்பாக வந்த ஸ்கேனில் நிறமே இருக்காது, அந்தக் கோப்பு வகை முக்கோணங்களை மட்டுமே சுமக்கிறது. ஆகவே மருத்துவர்களிடம் பிஎல்ஒய் போன்ற நிறம் தாங்கும் கோப்பாக அனுப்பச் சொல்கிறேன். டை பிரிக்கும் கட்டத்துக்குப் போனதும் கருவி நிறத்தை நீக்கிவிட்டு ஒரே வண்ணத்தில் காட்டுகிறது, டிச்சிங் முடிந்த டையின் மேல் மூல ஸ்கேனை மங்கலாக விரித்துப் பார்க்கும் வசதியும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய கட்டத்தில் கண்ணைக் கட்டுவது போன்றது இது. இந்த ஒரு குறை தீர்ந்தாலே என் மதிப்பீடு பெரிதும் உயரும்.

ஸ்கேனில் ஓட்டை இருந்தால் கருவி அதைத் தானே மூடிவிடுவதும் இதே வகைச் சிக்கல். ஒளி போகாத இடத்தை எந்த ஸ்கேனராலும் பார்க்க முடியாது. கார்டு என்ற நூலை வைத்து ஈறை விலக்காத இடத்தில் தரவே இல்லை. அப்படிப்பட்ட இடத்தைக் கருவி அழகாகப் பூசி மெழுகிவிடுகிறது. மெழுகிய இடத்தை வேறு வண்ணத்தில் காட்டும் தெரிவு அமைப்புப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. நிறுவியவுடன் முதல் வேலையாக அதை இயக்கி வையுங்கள். மார்ஜினில் மெழுகு வண்ணம் தெரிந்தால் நான் வேலையைத் தொடங்குவதில்லை, படத்தை அனுப்பி மறு ஸ்கேன் கேட்கிறேன். முதலில் சில மருத்துவர்களுக்கு அது சலிப்பாக இருந்தது. நோயாளி இன்னும் நாற்காலியில் இருக்கும்போதே கேட்டுவிட்டால் ஐந்து நிமிட வேலை என்பதால் இப்போது அவர்களே ஸ்கேன் முடிந்ததும் தொலைபேசியில் அழைத்து, கோப்பைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

தண்டும் குழியும் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. இரண்டுக்கும் இடையில் விடும் இடைவெளி மென்பொருளின் எண்ணல்ல, உங்கள் பிரிண்டரின் எண். 0.04 முதல் 0.12 மில்லிமீட்டர் வரை படிப்படியாக மாறும் சோதனைத் துண்டு ஒன்றைப் பிரிண்ட் செய்து, டை ஆடாமலும் திணறாமலும் இறங்கும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ரெசின் புட்டியை வேறு வகைக்கு மாற்றினால் மறுபடி சோதியுங்கள். குழியின் அடியில் ஒரு திறப்பு விடும் தெரிவை அணைத்துவிடாதீர்கள். டை முழுதாக இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று அடிவழியாகப் பார்க்கலாம், சிக்கிக்கொண்டால் கீழிருந்து தள்ளலாம்.

வெனியர் மாடல்தான் இந்தக் கருவியின் உண்மையான தேர்வு. கிரவுனில் மார்ஜின் பல்லைச் சுற்றி ஏறத்தாழ ஒரே தளத்தில் ஓடும். வெனியரில் அது ஈறு ஓரமாக ஓடி, இரு பக்கமும் பல்லிடுக்குக்குள் நுழைந்து மேலேறி, வெட்டு முனையில் திரும்பும். பல்லின் பின்பக்கம் தொடப்படாமலே இருக்கும். கருவியின் தானியங்கிக் கோடு இங்கே பெரும்பாலும் தடுமாறுகிறது. சீவிய ஆழமே அரை மில்லிமீட்டர் அளவுதான் என்னும்போது சட்டென்று வளையும் இடம் என்று ஒன்று பல்லிடுக்கில் தெளிவாக இருப்பதில்லை. வெனியருக்குத் தானியங்கியை நம்பாமல், சீவுவதற்கு முன் எடுத்த ஸ்கேனைச் சீவிய ஸ்கேனுடன் பொருத்தி, இரண்டும் பிரியும் இடத்தைக் கோடாக எடுத்துக்கொள்கிறேன். சீவாத பரப்பில் இரண்டு ஸ்கேன்களும் ஒன்றாக ஒட்டியிருக்கும். பர் பட்ட இடத்தில் விலகத் தொடங்கும். இந்த ஒப்பீட்டை வண்ண வரைபடமாகக் காட்டும் வசதி இந்தக் கருவியில் இருக்கிறது, அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. வெனியர் செய்யும் லேப்களுக்கு இதை வாங்கச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு வசதியே போதுமான காரணம்.

அடுத்த சிக்கல் இடம். மேல் நடு வெட்டுப் பல்லின் அகலம் சுமார் 8.5 மில்லிமீட்டர், கழுத்தில் 7. அங்கே தனித்தனி டைகளுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. கீழ் நடு வெட்டுப் பல்லோ 5 மில்லிமீட்டர் அகலம், கழுத்தில் வெறும் 3.5. அடுத்தடுத்த நான்கு கீழ்ப் பற்களுக்கும் தண்டு வைக்கச் சொன்னால், குழிகளுக்கு இடையே நிற்கும் சுவர் காகிதம்போல் மெலிந்துவிடுகிறது. ஒருமுறை அப்படிப் பிரிண்ட் செய்த மாடலில், டையை இரண்டாவது முறை உருவும்போதே சுவர் கையோடு வந்தது. கருவி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. இப்போது கீழ் முன்பற்களை ஒன்று விட்டு ஒன்றாகத்தான் பிரிக்கிறேன். முதல் அடித்தட்டில் முதலாவதும் மூன்றாவதும் தனி டைகள், இரண்டாவதும் நான்காவதும் நிலையாக நிற்கும். இரண்டாவது அடித்தட்டில் இது தலைகீழ். ரெசின் இரட்டிப்பாகச் செலவாகிறது, ஆனால் ஒவ்வொரு மார்ஜினையும் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க முடிகிறது.

வெனியருக்கு டிச்சிங் வேண்டுமா என்பதே கேள்விக்குரியது என்பது என் கருத்து. முன்பற்களில் ஈறின் வடிவத்தை இழந்துவிட்டால், பல்லிடுக்கில் ஈறின் முக்கோணத்துக்கு எவ்வளவு இடம் விடுவது என்று தெரியாமல் பீங்கானை அடுக்க வேண்டியிருக்கும். சூரிச்சைச் சேர்ந்த பீங்கான் கலைஞர் வில்லி கெல்லரின் பெயரால் அழைக்கப்படும் மாடல் முறை இதற்கு நல்ல விடை. அதில் டை வேர் வடிவத்தில் தனியாக வெளியே வரும். ஈறோ மாடலில் அப்படியே நிற்கும். டையைக் கையில் எடுத்து மார்ஜினைப் பார்க்கலாம், திருப்பிச் செருகி ஈறின் நடுவே வெனியர் எப்படி நிற்கிறது என்றும் பார்க்கலாம். கருவி இந்த வகையை ஒரே சொடுக்கில் உருவாக்குகிறது. டை எந்தத் திசையில் வெளியே வரும் என்பதை மட்டும் நாமே திருத்த வேண்டும். பக்கத்துப் பல் சாய்ந்திருந்தால் கருவி தேர்ந்தெடுக்கும் திசையில் டை இடித்துக்கொள்கிறது. மென்மையான ரெசினில் ஈறைத் தனித் துண்டாகப் பிரிண்ட் செய்யும் வசதியும் உண்டு, ஆனால் இயற்கைப் பற்களின் மேல் செய்யும் வேலைக்கு எனக்கு அது அவ்வளவாகப் பயன்படவில்லை.

பிரிண்டிங்கில் ஒரு பாடம் மட்டும் சொல்கிறேன். தொடக்கத்தில் பள்ளத்தைக் குறுகலாகவும் ஆழமாகவும் வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. கழுவிக் காய்ந்து வந்த டைகளில் மார்ஜின் மட்டும் உருண்டு, மங்கித் தெரிந்தது. லென்ஸில் பார்த்தால், கெட்டியாகாத ரெசின் குறுகிய பள்ளத்தில் தேங்கி நின்று, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் முழுதாகக் கரையாமல், பின் ஒளி பட்டதும் அங்கேயே இறுகியிருந்தது. நாம் திறந்து வைத்த மார்ஜினை அதே ரெசின் மூடிவிட்டது. பள்ளத்தின் உயரத்தை 1.5 மில்லிமீட்டருக்கு மேல் விரித்து, கழுவிய உடனே காற்றுக் குழாயால் பள்ளத்தைச் சுற்றி ஊதி, ஈரம் மினுக்குகிறதா என்று சாய்த்துப் பார்த்துவிட்டுப் பிறகே ஒளிப்பெட்டியில் வைக்கிறேன். டைகளை நிமிர்த்தி நிறுத்தி, தாங்கு கம்பிகள் தண்டின் அடியில் மட்டும் படும்படி அடுக்குகிறேன். அடுக்குத் தடிமன் 50 மைக்ரான். மாடலின் மற்றப் பகுதிகளுக்கு 100 மைக்ரானே போதும் என்பதால், அவற்றைத் தனித்தனியாகப் பிரிண்ட் செய்தால் நேரம் மிச்சமாகும்.

இந்தக் கருவியை யார் வாங்கலாம் என்றால், பீங்கான் அடுக்கும் லேப்களும் முன்பல் வெனியர் செய்பவர்களும் தயங்காமல் வாங்கலாம். ஒற்றைப் பல்லுக்கு முழு ஜிர்கோனியா கிரவுன் மட்டும் செய்து, பக்கத்துப் பல்லின் தொடுப்பைச் சரிபார்க்க மட்டும் மாடல் வைத்திருப்பவர்களுக்கு, அறுக்காத ஒரு திடமான மாடலே போதும். அதற்கு இவ்வளவு வசதி தேவையில்லை.

அந்த முன்கடைவாய்ப் பல்லுக்குப் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு டைகள் பிரிண்ட் செய்கிறேன். ஒன்று டிச்சிங் செய்தது. மற்றொன்று மூல ஸ்கேனிலிருந்து, எந்தக் கோடும் வரையாமல், ஈறோடு சேர்த்து அப்படியே எடுத்தது. கருவியில் இதற்குத் தனிப் பொத்தான் இல்லாததால் ஸ்கேனை இரண்டாவது பெயரில் மறுபடி ஏற்றிச் செய்கிறேன். ஐந்தாறு நிமிடங்கள் கூடுதலாகப் பிடிக்கிறது. பெட்டியில் கிரவுனுடன் இரண்டு டைகளும் போகின்றன. கிரவுனைத் திருப்பி அனுப்பிய அந்த மருத்துவர் இப்போது பெட்டியைத் திறந்ததும் டிச்சிங் செய்யாத டையைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறார்.